கேஇனிட்டும் கெர்பரோஸ் டிக்கெட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு முதல் வாரத்தில் ஒரு மின்னஞ்சல் வரும்: "சர்வரில் நுழையும் முன் கேஇனிட் செய்துகொள்ளவும்." ஏன், எதற்கு என்று அதில் இருக்காது. நெட்வொர்க்கில் நுழைகிறவர் யார் என்று உறுதி செய்யும் முறைக்குப் பெயர் கெர்பரோஸ்; அதில் டிக்கெட் வாங்கித் தரும் கட்டளைதான் கேஇனிட். அப்படி மாட்டிக்கொண்டவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். கட்டளைகளைப் போனில் சொல்கிற மாதிரியே எழுதுகிறேன். 'மைனஸ் எல்' என்றால் ஒரு சின்னக் கோடு, அதை ஒட்டி அந்த எழுத்து. எழுத்து சின்னதா பெரியதா என்பது இங்கே ரொம்ப முக்கியம். நான் சொல்லாத இடத்தில் எல்லாமே சின்ன எழுத்து.

டிக்கெட் என்று எதைச் சொல்கிறார்கள்?

கோயில் அர்ச்சனைச் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். காசு வாங்குவது கவுண்டர், சீட்டைப் பார்ப்பது அர்ச்சகர். அவர் உங்களிடம் காசு கேட்பதில்லை, கவுண்டரை நம்புகிறார். கெர்பரோஸில் அந்தக் கவுண்டருக்குப் பெயர் கேடிசி (கீ டிஸ்ட்ரிபியூஷன் சென்டர்). உங்கள் பாஸ்வேர்டு சம்பந்தமான ரகசியம் அதற்கு மட்டும்தான் தெரியும். ஃபைல் சர்வர், தொலைவிலிருந்து நுழைகிற எஸ்எஸ்எச் சர்வர், டேட்டாபேஸ் எல்லாம் அது கொடுத்த டிக்கெட்டைப் பார்த்து உங்களை உள்ளே விடும்.

ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு டிக்கெட் வேண்டும் என்பதால் அதற்கெல்லாம் தனித்தனியாகப் பாஸ்வேர்டு அடிக்கச் சொன்னால் கை ஓய்ந்துவிடும். அதனால் முதலில் ஒரு தாய் டிக்கெட் தருகிறார்கள். டிஜிடி (டிக்கெட் கிராண்டிங் டிக்கெட்) என்பது அதுதான். அதைக் காட்டினால் மற்ற டிக்கெட்டுகள் பின்னாலேயே, உங்களைக் கேட்காமல், வந்துகொண்டிருக்கும். கேஇனிட் வாங்கித் தருவது இந்தத் தாய் டிக்கெட்டைத்தான்.

இது யார் செய்தது? பெயர் ஏன் இப்படி?

அமெரிக்காவின் எம்ஐடியில் 1983இல் தொடங்கிய அதீனா திட்டத்தின் பிள்ளை இது. வளாகம் முழுக்கப் பொதுக் கணினிகள். எந்த மாணவர் எதில் வேண்டுமானாலும் உட்காரலாம். அப்படிப்பட்ட கணினியையும் நம்ப முடியாது, நடுவில் இருக்கும் கம்பியையும் நம்ப முடியாது. அந்தச் சிக்கலுக்கு, நீடம், ஷ்ரோடர் என்ற இரண்டு கணினி அறிஞர்கள் 1978இல் எழுதிய நெறிமுறையை அடித்தளமாக வைத்துக் கட்டினார்கள். இன்று நாம் பயன்படுத்துவது ஐந்தாம் பதிப்பு. அது முதலில் 1993இல் ஆர்எஃப்சி (இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆவணம்) 1510 ஆகவும், பிறகு 2005இல் ஆர்எஃப்சி 4120 ஆகவும் வந்தது. விண்டோஸ் 2000இலிருந்து நிறுவனக் கணக்குகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட்டின் ஆக்டிவ் டைரக்டரியும் இதன் மேல்தான் ஓடுகிறது. பாதாள உலகின் வாசலைக் காக்கும் மூன்று தலை நாய் ஒன்று கிரேக்கப் புராணத்தில் உண்டு. பெயர் அதனுடையது.

சரி, கட்டளை எப்படி அடிப்பது?

கே என்ற எழுத்து, இடைவெளி விடாமல் இனிட். ஒரு இடைவெளி விட்டு உங்கள் யூசர் பெயர், அட் குறி, ரெல்ம் பெயர். பாஸ்வேர்டு கேட்கும். அடிக்கும்போது திரையில் ஒரு நட்சத்திரக் குறி கூடத் தெரியாது, பயப்பட வேண்டாம். சரியாக இருந்தால் ஒன்றுமே சொல்லாமல் அடுத்த வரிக்கு வந்துவிடும். யூனிக்ஸில் மௌனம் என்றால் நல்ல செய்தி.

கட்டளையே இல்லை என்று சொன்னால் பேக்கேஜ் போடவில்லை என்று அர்த்தம். டெபியன், உபுண்டுவில் அது கேஆர்பி5-யூசர். ரெட் ஹேட் குடும்பத்தில் கேஆர்பி5-வொர்க்ஸ்டேஷன். மேக்கில் ஏற்கெனவே இருக்கும்.

ரெல்ம் பெயரைப் பெரிய எழுத்தில்தான் அடிக்க வேண்டுமா?

பெரும்பாலும் ஆமாம். ரெல்ம் என்பது ஒரு கேடிசியின் ஆட்சிக்கு உட்பட்ட எல்லை. வழக்கமாக அந்த நிறுவனத்தின் டொமைன் பெயரையே பெரிய எழுத்தில் எழுதி ரெல்ம் பெயராக வைப்பார்கள். செர்ன் ஆய்வகத்தில் செர்ன் டாட் சிஎச், ஃபெர்மிலாபில் எஃப்என்ஏஎல் டாட் கவ், இரண்டுமே முழுக்கப் பெரிய எழுத்து. டொமைன் பெயரில் எழுத்து வேறுபாடு பார்க்க மாட்டார்கள், கெர்பரோஸில் பார்ப்பார்கள். இது வெறும் வழக்கம்தான், சட்டம் இல்லை. ஸ்டான்ஃபோர்டின் ரெல்ம் சின்ன எழுத்தில்தான் இருக்கிறது. உங்கள் இடத்தில் எப்படி என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இடிசி டைரக்டரியில் இருக்கும் கேஆர்பி5 டாட் கான்ஃப் கோப்பில் டிஃபால்ட் ரெல்ம் எழுதியிருந்தால் அட் குறியும் அதற்குப் பிந்தியதும் தேவையே இல்லை.

பாஸ்வேர்டு நெட்வொர்க்கில் போகிறதா?

போகாது. இந்த ஏற்பாட்டின் அழகே அங்கேதான் இருக்கிறது. கேஇனிட் முதலில் உங்கள் பெயரை மட்டும் கேடிசிக்கு அனுப்புகிறது. "நீதான் அது என்பதற்கு அத்தாட்சி கொண்டு வா" என்று பதில் வருகிறது. அப்போதுதான் உங்களிடம் பாஸ்வேர்டு கேட்கிறது. அதிலிருந்து ஒரு சாவியைத் தயாரித்து, இப்போதைய நேரத்தை அந்தச் சாவியால் பூட்டி அனுப்புகிறது. கேடிசி தன்னிடம் இருக்கும் உங்கள் சாவியால் திறந்து பார்க்கும். திறந்தது, உள்ளே இருக்கும் நேரமும் பொருந்தியது என்றால், அடித்தவர் நீங்கள்தான்.

திரும்பி வருவதில் இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று டிஜிடி. அது கேடிசியின் சொந்தச் சாவியால் பூட்டப்பட்டது, உங்களாலேயே திறக்க முடியாது. இன்னொன்று இந்த டிக்கெட்டோடு பயன்படுத்த வேண்டிய தற்காலிகச் சாவி. அது உங்கள் சாவியால் பூட்டப்பட்டிருக்கும். இதெல்லாம் முடிந்தபின் உங்கள் பாஸ்வேர்டுக்கு வேலையே இல்லை. டிக்கெட் சாகும் வரை அதை யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்த வரிசை தெரிந்தால் ஒரு நன்மை உண்டு. பாஸ்வேர்டு கேட்பதற்கு முன்பே பிழை வந்தால் கோளாறு பெயரிலோ ரெல்மிலோ நெட்வொர்க்கிலோ இருக்கிறது. அடித்த பிறகு வந்தால் பாஸ்வேர்டிலோ கடிகாரத்திலோ இருக்கலாம். பாதித் தேடலை இதுவே மிச்சப்படுத்தும்.

டிக்கெட் வந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

கேலிஸ்ட். வெறுமனே அடித்தால் போதும். முதலில் டிக்கெட் எந்த இடத்தில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று வரும், அப்புறம் யார் பெயரில், அப்புறம் ஒவ்வொரு டிக்கெட்டும் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று. கேஆர்பிடிஜிடி என்று தொடங்கும் வரிதான் தாய் டிக்கெட். ஒரு சர்வருக்குள் எஸ்எஸ்எச் செய்துவிட்டு வந்து மறுபடி பார்த்தால் ஹோஸ்ட் என்று தொடங்கி அந்த சர்வர் பெயரோடு இன்னொரு வரி சேர்ந்திருக்கும். நீங்கள் கேட்காமலே வாங்கிய டிக்கெட் அது.

மைனஸ் எஃப் சேர்த்தால் கொடிகள், அதாவது டிக்கெட்டின் தன்மையைக் காட்டும் எழுத்துகள், தெரியும். பெரிய எஃப் இருந்தால் இந்த டிக்கெட்டை வேறு கணினிக்கு அனுப்பலாம். பெரிய ஆர் இருந்தால் புதுப்பிக்கலாம். ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு மைனஸ் எஸ் உதவும். அது எதையும் அச்சடிக்காது. உயிருள்ள டிக்கெட் இருந்தால் வெற்றி, இல்லாவிட்டால் தோல்வி என்று வெளியேறும் எண்ணால் மட்டும் சொல்லும்.

டிக்கெட் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும்?

ஆக்டிவ் டைரக்டரியில் வழக்கமாக 10 மணி நேரம். எம்ஐடியின் சொந்தக் கெர்பரோஸ் நிரலில், யாரும் மாற்றாவிட்டால், ஒரு நாள். கேஇனிட்டோடு மைனஸ் எல் போட்டு நேரத்தைக் கேட்கலாம், ஆனால் கேட்டதெல்லாம் கிடைக்காது. நீங்கள் கேட்டது, உங்கள் கணக்குக்கு நிர்வாகி வைத்த வரம்பு, கேடிசியின் மொத்த வரம்பு இவற்றில் எது குறைவோ அதுதான் வரும். பிழை எதுவும் சொல்லாமல் குறைத்துக் கொடுத்துவிடும் என்பதால், கேட்டபின் கேலிஸ்ட் அடித்துப் பார்க்க வேண்டும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு வெள்ளிக்கிழமை. மாலை 6 மணிக்குப் பெரிய டேட்டா ஒன்றை நெட்வொர்க் டிஸ்க்குக்குக் காப்பி போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமை வந்து பார்த்தால் அதிகாலை 4 மணி வரைக்கும்தான் ஓடியிருக்கிறது. அதற்குப் பிறகு வரிக்கு வரி பெர்மிஷன் டினைட். டிஸ்க்கின் உரிமைகளை ஒரு மணி நேரம் நோண்டினேன். ஆறும் பத்தும் சேர்ந்தால் எத்தனை என்று கூட்டிப் பார்க்க அவ்வளவு நேரம் ஆனது.

அப்படியானால் நீண்ட வேலைக்கு என்ன செய்வது?

புதுப்பிக்கத்தக்க டிக்கெட் வாங்க வேண்டும். கேஇனிட், மைனஸ் சின்ன ஆர், அப்புறம் 7டி (டே என்பதன் முதல் எழுத்து) என்று அடித்தால் ஏழு நாள் வரை புதுப்பிக்கும் உரிமையோடு கேட்கிறீர்கள். பிறகு கேஇனிட் மைனஸ் பெரிய ஆர் அடிக்கும் போதெல்லாம் பாஸ்வேர்டு இல்லாமலே ஆயுள் நீளும். சின்ன ஆரும் பெரிய ஆரும் இடம் மாறினால் கதை மாறிவிடும், கவனம்.

எல்லாரும் தடுக்கி விழும் கல் ஒன்று இங்கே உண்டு. டிக்கெட் உயிரோடு இருக்கும்போது மட்டுமே புதுப்பிக்கலாம். 10 மணி நேர டிக்கெட், 7 நாள் புதுப்பிப்பு என்றால், ஒவ்வொரு 10 மணி நேரம் முடிவதற்குள்ளும் பெரிய ஆர் அடித்தாக வேண்டும். பதினோராவது மணியில் போய், இன்னும் ஆறு நாள் பாக்கி இருக்கிறதே என்று வாதாடிப் பயனில்லை. அதனால் யாராவது ஞாபகம் வைத்து அடிப்பதைவிட கேரின்யூ மாதிரி ஒரு துணை நிரலிடம் விட்டுவிடுவது மேல்.

எம்ஐடி கேடிசியில் இந்தப் புதுப்பிப்பு வரம்பு, நிர்வாகி எழுதி வைக்காவிட்டால், சுழியம்தான். கேட்டும் கிடைக்கவில்லை என்றால் தப்பு உங்கள் மேல் இல்லை.

குறித்த நேரத்தில் தானே ஓடும் கிரான் ஜாப் ராத்திரி 2 மணிக்கு ஓடுகிறது. அப்போது பாஸ்வேர்டு யார் அடிப்பது?

கீடேப். பாஸ்வேர்டிலிருந்து செய்த சாவியைப் போட்டு வைத்திருக்கும் கோப்பு அது. கேஇனிட் மைனஸ் கே, மைனஸ் டி (டைம் என்பதன் முதல் எழுத்து), கோப்பின் பாதை, அப்புறம் கணக்கின் பெயர் என்று அடித்தால் எதையும் கேட்காமல் டிக்கெட் வந்துவிடும். சர்வர்களின் சொந்தக் கீடேப் இடிசி டைரக்டரியில் கேஆர்பி5 டாட் கீடேப் என்ற பெயரில் இருக்கும். அதை ரூட் (கணினியில் முழு உரிமையுள்ள கணக்கு) மட்டும்தான் படிக்க முடியும், அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

கீடேப் கையில் இருந்தால் பாஸ்வேர்டு கையில் இருப்பது போலத்தான். அனுமதி 600க்கு (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) மேல் வேண்டாம். கிட் மாதிரி நிரல் சேமிப்பிடத்தில் போட்டுவிடாதீர்கள், மின்னஞ்சலில் இணைக்காதீர்கள். உங்கள் சொந்தக் கணக்குக்குச் செய்யாமல் அந்த வேலைக்கென்றே தனிக் கணக்கு கேட்டு வாங்கி அதற்குச் செய்யுங்கள். பாஸ்வேர்டை மாற்றினால் பழைய கீடேப் செத்துவிடும் என்பதும் ஒரு காரணம்: 90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டு மாற்றச் சொல்லும் இடத்தில் 91ஆம் நாள் உங்கள் ஜாப் நின்றிருக்கும்.

நிர்வாகிகளுக்கு ஒரு எச்சரிக்கை. எம்ஐடியின் நிர்வாக நிரலான கேஅட்மினில் கேடிஆட் என்று கீடேப் எடுத்தால், அது இருக்கிற சாவியை எடுத்துத் தராது. புதிதாக ஒரு சாவியை உருவாக்கித் தரும். அதே கணக்கின் பழைய கீடேப் வேறு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் வேலை நின்றுபோகும். "ஒரு காப்பி எடுக்கிறேன்" என்று போய் ஓடிக்கொண்டிருந்த சர்வரைப் படுக்க வைத்தவர்கள் உண்டு. பழைய சாவியே வேண்டும் என்றால் நோரேண்ட்கீ என்ற விருப்பத்தைச் சேர்க்க வேண்டும்.

எக்கோவில் பாஸ்வேர்டை எழுதி பைப் போட்டுக் கேஇனிட்டுக்கு அனுப்பலாமா?

பல இடங்களில் வேலை செய்யும். செய்யாதீர்கள். ஷெல் ஹிஸ்டரியில் உங்கள் பாஸ்வேர்டு அப்படியே உட்கார்ந்திருக்கும்.

டிக்கெட் எங்கே சேமிக்கப்படுகிறது? கேஇனிட் செய்தபின் சூடோ போட்டால் டிக்கெட் இல்லை என்கிறதே?

பழைய வழக்கப்படி டெம்ப் டைரக்டரியில் ஒரு கோப்பு: கேஆர்பி5சிசி, அண்டர்ஸ்கோர், உங்கள் யூசர் எண். அந்த எண் பெயரிலேயே இருப்பதால், சூடோ போட்டு ரூட் ஆனவுடன் நிரல் வேறு எண்ணுள்ள கோப்பைத் தேடுகிறது. உங்களுடையது பத்திரமாகத்தான் இருக்கிறது, அது தேடும் இடத்தில் இல்லை, அவ்வளவே. புதிய லினக்ஸ்களில் கெர்னலின் கீரிங்கிலோ கேசிஎம் என்ற சேவையிடமோ வைப்பார்கள். கேலிஸ்ட்டின் முதல் வரியில் ஃபைல், கீரிங், கேசிஎம் என்று எது வருகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். டாக்கர் கன்டெய்னருக்குள் போகிறவர்களுக்கு ஃபைல் வகைதான் தொல்லை இல்லாதது.

எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதை கேஆர்பி5சிசிநேம் என்ற சூழல் மாறி முடிவு செய்கிறது. அதன் பெயர் முழுக்கப் பெரிய எழுத்து. இணைப்பு அறுந்தாலும் ஜன்னல்களை உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸைப் பயன்படுத்துகிறவர்களை வாட்டும் நோய்க்கு மூலம் இதுதான். நேற்று எஸ்எஸ்எச்சில் வந்து டிமக்ஸ் திறந்தீர்கள், அந்த மாறி நேற்றைய கோப்பைக் காட்டுகிறது. இன்று மறுபடி உள்ளே வரும்போது வேறு பெயரில் புதுக் கோப்பு வருகிறது. பழைய ஜன்னல்களுக்கு அது தெரியாது. அந்த ஜன்னலிலேயே ஒரு தடவை கேஇனிட் அடித்துவிடுவது எளிய மருந்து.

என்னிடம் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. ஒன்றை வாங்கினால் இன்னொன்று அழிகிறது.

ஃபைல் வகையில் ஒரு கோப்புக்கு ஒரு ஆள்தான். கேஇனிட்டோடு மைனஸ் சி போட்டு இரண்டாவது கணக்குக்கு வேறு கோப்பு கொடுங்கள். கீரிங், கேசிஎம் வகைகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். அங்கே கேஸ்விட்ச் மைனஸ் பி (பிரின்சிபல் என்பதன் முதல் எழுத்து), கணக்கின் பெயர் என்று அடித்து மாற்றிக்கொள்ளலாம்.

டிக்கெட் இருக்கிறது, ஆனாலும் எஸ்எஸ்எச் பாஸ்வேர்டு கேட்கிறது.

நான் முதலில் கேட்பது, ஐபி முகவரியைக் கொடுத்து உள்ளே போகிறீர்களா என்பது. டிக்கெட் சர்வரின் முழுப் பெயருக்குத்தான் கிடைக்கும். எண்ணைச் சொன்னால், வழக்கமாக, கேடிசிக்கு அந்தப் பெயரில் யாரையும் தெரியாது. முழுப் பெயரைக் கொடுங்கள்.

அதுவும் சரி என்றால் எஸ்எஸ்எச் அமைப்பில், டிக்கெட்டை ஏற்கச் சொல்லும் ஜிஎஸ்எஸ்ஏபிஐ ஆதென்டிகேஷன் என்ற விருப்பம் 'யெஸ்' (ஆம்) என்று இருக்க வேண்டும், உங்கள் பக்கமும் சர்வர் பக்கமும். அங்கே போனபின் அங்கிருந்து இன்னொரு இடத்துக்கும் டிக்கெட் வேண்டும் என்றால், கேஇனிட்டில் மைனஸ் எஃப், எஸ்எஸ்எச்சில் மைனஸ் பெரிய கே. செர்னில் வேலை செய்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: டிக்கெட் கூட வராவிட்டால், உள்ளே நுழைந்தும் ஏஎஃப்எஸ் என்ற நெட்வொர்க் கோப்பு அமைப்பில் இருக்கும் தங்கள் ஹோம் டைரக்டரியைத் தொட முடியாது. நம்பாத சர்வருக்கு டிக்கெட்டை அனுப்பாதீர்கள். அங்கே ரூட் ஆக இருப்பவர் உங்கள் பெயரில் உலாவலாம்.

'கிளாக் ஸ்க்யூ டூ கிரேட்' என்று வருகிறது.

கடிகாரம். வழக்கமான சலுகை 5 நிமிடம், அதற்கு மேல் விலகினால் ஏற்க மாட்டார்கள். பழைய கோரிக்கையை நடுவில் பிடித்து வைத்து யாராவது பிறகு ஓட்டிப் பார்ப்பதைத் தடுக்கத்தான் இந்தக் கண்டிப்பு. புதிய லைப்ரரிகள் கேடிசியின் நேரத்தைப் பார்த்து ஓரளவு தாமே ஈடு செய்துகொள்ளும். அதனால் கேஇனிட் ஒழுங்காக வேலை செய்து, நீங்கள் போகும் சர்வரின் கடிகாரம் தப்பாக இருப்பதால் அங்கே மட்டும் அடிபடுவதும் உண்டு.

நேர மண்டலம் பற்றிக் கவலை வேண்டாம், உள்ளே எல்லாம் உலகப் பொது நேரமான யுடிசியில்தான் நடக்கிறது. ஆனால் மண்டலத்தைத் தப்பாக வைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப் போகட்டும் என்று மணியைக் கையால் திருத்தியிருந்தால் மாட்டினீர்கள். ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு இந்தியாவிலும் இலங்கையிலும் சரியாக ஐந்தரை மணி நேரம் விலகும். வன்பொருள் கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதி வைக்கிறது, லினக்ஸ் அதை யுடிசி என்று படிக்கிறது. தூங்கி எழுந்த விர்ச்சுவல் மெஷினும் அடுத்த சந்தேக நபர். கடிகாரத்தைத் தானே சரிசெய்யும் என்டிபியை ஓட விடுங்கள்.

மற்ற பிழைகள்?

'கிளையண்ட் நாட் ஃபவுண்ட்' என்றால் யூசர் பெயரிலோ ரெல்மிலோ தப்பு, முக்கால்வாசி எழுத்துப் பிழை. 'கேனாட் ஃபைண்ட் கேடிசி' என்றால் அந்த ரெல்முக்குக் கேடிசி எங்கே என்று கேஆர்பி5 டாட் கான்ஃபிலும் இல்லை, டிஎன்எஸ்ஸிலும் இல்லை; பெரும்பாலும் விபிஎன் போட மறந்திருப்பீர்கள். கேடிசியைத் தெரிந்தும் பேச முடியவில்லை என்றால் 88ஆம் போர்ட் அடைபட்டிருக்கிறது. யுடிபி, டிசிபி இரண்டும் திறந்திருக்க வேண்டும். 'ப்ரீஆதென்டிகேஷன் ஃபெயில்ட்' என்றால் பாஸ்வேர்டு தப்பு, கேப்ஸ் லாக்கைப் பாருங்கள். 'என்கிரிப்ஷன் டைப்புக்கு ஆதரவு இல்லை' என்று வந்தால் ஒரு பக்கம் இன்னும் பழைய குறியாக்க முறைகளான டிஇஎஸ்ஸையோ ஆர்சி4ஐயோ பிடித்துக்கொண்டிருக்கிறது. டிஇஎஸ் 2012இலும் ஆர்சி4 2018இலும் கைவிட வேண்டியவை என்று ஆர்எஃப்சி மூலமாகவே அறிவிக்கப்பட்டவை. ஏஇஎஸ்ஸுக்கு மாறுங்கள்.

இவை எதிலும் அடங்கவில்லை என்றால் கேஆர்பி5 ட்ரேஸ் என்ற சூழல் மாறியில், கேஆர்பி5க்கும் ட்ரேஸுக்கும் நடுவில் அண்டர்ஸ்கோர், எல்லாம் பெரிய எழுத்து, ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் எஸ்டிடிஎர் என்று வைத்துவிட்டு கேஇனிட்டை ஓட்டுங்கள். எந்த முகவரிக்குப் போனது, என்ன கேட்டது, என்ன பதில் வந்தது எல்லாம் வரிசையாக வரும். நிர்வாகிக்குத் திரையைப் படம் எடுத்து அனுப்புவதைவிட அந்த வரிகளை அனுப்பினால் உங்கள் வேலை சீக்கிரம் முடியும்.

விண்டோஸில் கேஇனிட் இல்லையே?

தேவையில்லை. டொமைனில் சேர்ந்த கணினியில் லாகின் செய்யும்போதே டிக்கெட் வந்துவிடுகிறது. பார்க்க கேலிஸ்ட், துடைக்க கேலிஸ்ட் பர்ஜ். துடைத்தால் தேவைப்படும்போது தானே மறுபடி வாங்கிக்கொள்ளும். புதிதாக ஒரு குழுவில் உங்களைச் சேர்த்தும் உரிமை வரவில்லை என்றால், குழுப் பட்டியல் டிக்கெட்டுக்குள் எழுதப்பட்டு வருவதுதான் காரணம். லாக்அவுட் செய்து மறுபடி வாருங்கள்.

மேக்கில் சில கட்டளைகள் வேறு மாதிரி நடந்துகொள்கின்றனவே?

அங்கே இருப்பது எம்ஐடியின் நிரல் இல்லை, ஹெய்ம்டால். குறியாக்க மென்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப அமெரிக்கா தடை வைத்திருந்த காலத்தில் ஸ்வீடனில் தனியாக எழுதப்பட்டது அது. கேஇனிட், கேலிஸ்ட், கேடெஸ்ட்ராய் மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். கேடியூட்டில் மட்டும் அடியோடு வேறு. லினக்ஸ் குறிப்பைப் பார்த்து அதை மேக்கில் அடித்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் கேடெஸ்ட்ராய் அடிக்க வேண்டுமா? லாக்அவுட் செய்தால் போதாதா?

பொதுக் கணினி என்றால் கட்டாயம் அடியுங்கள். பல அமைப்புகளில் லாக்அவுட் செய்தபின்னும் டெம்ப் டைரக்டரியில் கோப்பு அப்படியே கிடக்கும். எல்லாக் கணக்குகளின் டிக்கெட்டையும் துடைக்க மைனஸ் பெரிய ஏ சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கேடெஸ்ட்ராய் உங்கள் கணினியில் இருப்பதை மட்டுமே அழிக்கிறது, கேடிசிக்கு எதையும் சொல்வதில்லை. யாராவது அதற்குள் அந்தக் கோப்பை நகலெடுத்திருந்தால், குறித்த நேரம் முடியும் வரை அவர் கையில் அது செல்லும். பாஸ்வேர்டை மாற்றினாலும் ஏற்கெனவே கொடுத்த டிக்கெட் உடனே சாவதில்லை. டிக்கெட்டுக்கு 10 மணி நேரம்தான் ஆயுள் என்று நிர்வாகி பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். ஒரு மாதத்துக்குக் கொடுங்கள் என்று நானும் ஒரு காலத்தில் போய்க் கேட்டிருக்கிறேன்.